2025–26ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை: கையடக்க ரிசீவரைக் கணினியோடு இணைத்த பணி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், காலையிலிருந்து விடாத சாரலையும் பொருட்படுத்தாமல் கோத்தகிரியிலிருந்தும் உதகையிலிருந்தும் குன்னூர் வந்து சேர்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் எனது பணிவான வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் இரண்டாம் ஞாயிறு நடந்தன. சாலையில் மண் சரிந்த ஒரு மாதம் மட்டும் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிக்கிறார் என்பதால் அதற்குள் நான் போகவில்லை. இந்த அறிக்கையின் பெரும்பகுதி ஒரே ஒரு பணியைப் பற்றியதாக இருப்பதை உறுப்பினர்கள் பொறுத்தருள வேண்டும். நம் அமெச்சூர் வானொலிச் சங்கத்தின் கையடக்க ரிசீவரை, அதாவது வானொலி அலைகளைக் கேட்கும் கருவியை, கணினியால் இயக்கும்படி செய்ய வேண்டும் என்பதே சென்ற பொதுக்குழுவில் நிறைவேறிய ஒரே புதிய தீர்மானம்; அதை நிறைவேற்றும்போது நாம் செய்த தவறுகளை எழுதிவைக்காவிட்டால் எனக்குப் பின் வரும் செயலாளரும் அதே தவறுகளை அதே வரிசையில் செய்வார் என்ற அச்சமும் எனக்கு உண்டு.

ரிசீவர், வெளியூர் குடிபெயர்ந்த உறுப்பினர் ஒருவர் விட்டுச்சென்ற ஐகாம் ஆர்10. அரை மெகாஹெர்ட்ஸிலிருந்து 1300 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கும். 1000 அலைவரிசைகளை நினைவில் வைத்துக்கொள்ளும். நான்கு பென்சில் பேட்டரிகளில் ஓடும். கருவியில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அதன் சின்னஞ்சிறு பொத்தான்களை அழுத்தி ஆயிரம் இடங்களை நிரப்பும் பொறுமை நம்மில் எவருக்கும் இல்லை என்பதும், செயற்கைக்கோள் ஒன்று தலைக்கு மேல் கடக்கும் பத்து நிமிடங்களுக்குள் அலைவரிசையைக் கையால் திருத்திக்கொண்டே குறிப்பும் எழுத முடியாது என்பதும் இரண்டு ஆண்டுகளாக நாம் கண்ட உண்மைகள். அதனால்தான் அந்தத் தீர்மானம்.

அறையிலிருந்த பழைய மேசைக் கணினியில் ஒன்பது பின் சீரியல் போர்ட் (தரவை ஒவ்வொரு பிட்டாக அனுப்பும் இணைப்பு) ஒன்று இருந்ததால், அதிலிருந்து மூன்று கம்பிகளை எடுத்து ரிசீவரின் 3.5 மில்லிமீட்டர் துளையில் நேராகச் செருகிவிடலாம் என்று இளைய உறுப்பினர் ஒருவர் முற்பட்டார். அரவங்காடு தொழிற்சாலையில் கருவிகள் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் மூத்த உறுப்பினர் அன்று அறையில் இருந்தது நம் நல்ல காலம். அந்தப் போர்ட் பின்பற்றும் ஆர்எஸ்-232 முறையில் ஒன்று என்னும் நிலை எதிர்மறை மின்னழுத்தத்தாலும், பூஜ்யம் என்னும் நிலை நேர்மறை மின்னழுத்தத்தாலும் குறிக்கப்படுகின்றன. கணினியிலிருந்து அவை ஏறத்தாழ 12 வோல்ட் வரை வரக்கூடும். ரிசீவரின் துளையோ பூஜ்யத்துக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையே மட்டுமே பேசும். அதில் 5 வோல்ட்தான் ஒன்று. ஆக அளவும் வேறு, நேர் எதிர் என்ற பொருளும் வேறு. இரண்டையும் சரிசெய்யவே மேக்ஸ்232 என்ற சிப்பும் அதனுடன் நான்கு சிறு கெபாசிட்டர்களும் தேவைப்படுகின்றன. 5 வோல்ட் மின்சாரத்தைக் கொண்டே நேர், எதிர் ஆகிய இரு அழுத்தங்களையும் அந்தக் கெபாசிட்டர்களை நிரப்பிக் காலிசெய்து அச்சிப் தயாரித்துக்கொள்ளும் விதத்தை அவர் பலகையில் வரைந்து காட்டிய அந்த ஒரு மணி நேரம், இந்த ஆண்டின் எந்தக் கூட்டத்தைக் காட்டிலும் பயனுள்ளது என்பது என் கருத்து.

மேசைக் கணினி மழைக்காலத்தைத் தாண்டவில்லை. மடிக்கணினிகளில் சீரியல் போர்ட் இல்லாததால் யூஎஸ்பி வழியே 5 வோல்ட் சீரியல் தரும் சிறு பலகை ஒன்றை வாங்கினோம். முதலில் வந்த பலகை, கம்பி எதையும் இணைக்காத நிலையிலேயே தொட முடியாத அளவுக்குச் சூடானது; சிப்பின் மேல் அச்சிட்டிருந்த பெயர் நகத்தால் சுரண்டியதும் உதிர்ந்தது. விற்ற கடை திரும்பப் பெறவில்லை. அந்தத் தொகையைச் செலவுக் கணக்கில் எழுதியாயிற்று. மலிவு கருதி அதைத் தேர்ந்தெடுத்தவன் நான் என்பதையும் இங்கே பதிவுசெய்கிறேன்.

இரண்டாவது பலகை நல்லது. ஆனாலும் ரிசீவர் பேசவில்லை. காரணம், ஐகாம் நிறுவனக் கருவிகளைக் கணினியோடு பேசவைக்கும் சிஐ-வி முறையில் போவதற்கும் வருவதற்கும் சேர்த்து ஒரே கம்பி. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் மலை ரயிலும் இறங்கும் ரயிலும் ஒரே தண்டவாளத்தைப் பகிர்ந்துகொள்வது போல, கணினி பேசும்போது ரிசீவரும், ரிசீவர் பேசும்போது கணினியும் வழிவிட்டு நிற்க வேண்டும். பேசாத நேரத்தில் கம்பி 5 வோல்ட்டில் இருக்கும். பேசுபவர் அதைத் தரைக்கு இழுப்பார். நம் பலகையின் அனுப்பும் பின், ஓய்வு நிலையில் கம்பியை 5 வோல்ட்டில் விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டதால், ரிசீவரால் அதைக் கீழே இழுக்க முடியவில்லை. அனுப்பும் பின்னுக்கும் கம்பிக்கும் நடுவே, மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோடு ஒன்றைக் கோடிட்ட முனை பலகையைப் பார்த்திருக்கும்படி வைத்து, கம்பியை 4.7 கிலோஓம் ரெசிஸ்டர் வழியே 5 வோல்ட்டுடன் கட்டியதும் வழி திறந்தது. முதலில் வைத்த சாதாரண சிலிக்கான் டயோடில் ஏறக்குறைய 0.7 வோல்ட் தங்கிவிடுவதால், பூஜ்யம் என்று ஏற்கப்படும் 0.8 வோல்ட் எல்லையை ஒட்டியே நின்று, கட்டளைகள் சில நாள் போயின, சில நாள் போகவில்லை. அதைவிடக் குறைந்த வோல்ட் தங்கும் ஷாட்கி டயோடாக மாற்றிய பின் அந்தத் தடுமாற்றம் இல்லை. கேட்கும் பின்னை டயோடு ஏதுமின்றிக் கம்பியோடு நேரடியாக இணைக்க வேண்டும்.

அடுத்து நடந்ததை உறுப்பினர்கள் சிரித்துவிட்டு நினைவில் வைத்துக்கொள்வார்கள் என்று நம்புகிறேன். 145.800 மெகாஹெர்ட்ஸுக்குப் போ என்னும் கட்டளை, பதினாறடிமான எண்களில் எஃப்ஈ எஃப்ஈ 52 ஈ0 05 00 00 80 45 01 எஃப்டி என்று அமைகிறது. இதில் 52 என்பது ரிசீவரின் முகவரி. ஈ0 கணினியின் முகவரி. 05 என்பது அலைவரிசையை அமைக்கும் கட்டளை. அலைவரிசையின் இலக்கங்கள் இரண்டிரண்டாகப் பின்னிருந்து முன்னாக எழுதப்படுகின்றன. நாங்கள் எழுதிய நிரல் இந்தப் பதினோரு பைட்டுகளை அனுப்பிவிட்டு, ஏதேனும் பைட்டுகள் திரும்பி வந்தால் "கட்டளை ஏற்கப்பட்டது" என்று பச்சை எழுத்தில் காட்டியது. ஒரு மாலை முழுவதும் பச்சை எழுத்து வந்தது. எல்லோரும் தேநீர் குடித்து மகிழ்ந்தோம். கிளம்பும்போதுதான் ரிசீவர் அணைந்து கிடந்ததைப் பொருளாளர் கண்டார். ஒரே கம்பி என்பதால் நாம் அனுப்பியதே எதிரொலியாக நம் கேட்கும் பின்னுக்குத் திரும்பி வந்திருக்கிறது. இப்போது நிரல் முதலில் தன் எதிரொலியைத் தள்ளிவிட்டு, முகவரிகள் இடம் மாறி எஃப்ஈ எஃப்ஈ ஈ0 52 எஃப்பி எஃப்டி என்று வரும் ஆறு பைட்டுகளை மட்டுமே ஏற்கிறது; எஃப்பிக்குப் பதில் எஃப்ஏ வந்தால் ரிசீவர் மறுத்துவிட்டது என்று பொருள். எதிரொலி அனுப்பியபடியே வராவிட்டால் கம்பியில் மோதல் என்று கொண்டு மறுபடி அனுப்புகிறது. எனவே எதிரொலியும் வீணில்லை. கேபிள் உயிரோடிருப்பதை அறிய அதுவே எளிய சோதனை.

வேகத்தை விநாடிக்கு 9600 பிட் ஆக நிறுத்தியிருக்கிறோம். பைட் ஒன்றுக்குப் பத்து பிட் என்று கொண்டால் பதினோரு பைட் கட்டளை 12 மில்லிசெகண்டுக்குள் போய்விடும். 1200 வேகத்தில் அதுவே 90 மில்லிசெகண்டைத் தாண்டும். லினக்ஸ் மடிக்கணினியில் பலகை டிடிஒய்யூஎஸ்பி0 என்ற பெயரில் தெரிகிறது. சீரியல் போர்ட்டைத் திறக்க உரிமையுள்ள டயல்அவுட் குழுவில் பயனரைச் சேர்க்காவிட்டால் அனுமதி மறுக்கப்படும் என்பதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு ஞாயிறு செலவானது. இனி புதிதாக நிரல் எழுத வேண்டிய தேவையும் இல்லை. ஹேம்லிப் என்னும் கட்டற்ற மென்பொருள் நூலகம் இந்த ரிசீவரை அறியும். நம் சொந்த நிரலைக் கற்பதற்காக மட்டும் வைத்திருக்கிறோம்.

கட்டளை போகிறது என்பதும் நன்றாகக் கேட்கிறது என்பதும் வெவ்வேறு. கணினியை இணைத்ததும் ஸ்பீக்கரில் ரீங்காரமும், பல அலைவரிசைகளில் இரைச்சலும் புகுந்தன. ரீங்காரம், ரிசீவரின் அடாப்டரும் மடிக்கணினியின் அடாப்டரும் சீரியல் கேபிளின் தரைக் கம்பி வழியே கைகோத்துக்கொண்டதால் வந்தது. ரிசீவரை பேட்டரியில் ஓட்டியதும் நின்றது. இரைச்சலுக்குக் காரணம், ரிசீவரின் தலையில் இருந்த குட்டி ஆன்டெனா மடிக்கணினிக்கு ஒரு முழத்துக்குள் நின்றதுதான். ஆன்டெனாவைக் கூரைக்கு ஏற்றி, கோஆக்சியல் கேபிள் வழியே இறக்கி, சீரியல் கேபிளை இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் வளையத்தில் ஆறு சுற்றுச் சுற்றிய பின் பெரும்பகுதி அடங்கியது. முத்தோரை பாலாடா பகுதியில் வசிக்கும் உறுப்பினர்களுக்கு இங்கே தனியாக ஒரு வேண்டுகோள். அங்குள்ள 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி 326.5 மெகாஹெர்ட்ஸில் வானிலிருந்து வரும் மிக நலிந்த அலைகளைக் கேட்கிறது. நம் மேசையிலேயே ஒரு மலிவான அடாப்டர் இவ்வளவு இரைகிறதென்றால், அந்தத் தொலைநோக்கிக்கு அது எப்படி இருக்கும் என்பதை எண்ணி, இரையும் அடாப்டர்களையும் எல்இடி விளக்குகளையும் மாற்றிவிட வேண்டுகிறேன்.

செயற்கைக்கோள் கேட்டலில் கிடைத்த பயனை மிகைப்படுத்த விரும்பவில்லை. சர்வதேச விண்வெளி நிலையத்தின் 145.800 மெகாஹெர்ட்ஸ் ஒலிபரப்பில் டாப்ளர் விளைவால், அதாவது நிலையம் நம்மை நெருங்கி விலகும் வேகத்தால், அலைவரிசை மேலும் கீழும் சுமார் 3.5 கிலோஹெர்ட்ஸ்தான் நகர்கிறது. கணினி திருத்தாவிட்டாலும் எஃப்எம் முறையில் அது ஒருவாறு கேட்கவே செய்யும். 435 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் அந்த நகர்வு 10 கிலோஹெர்ட்ஸ் ஆகிவிடுவதால், அங்கேதான் கணினியின் கை தேவைப்படுகிறது. ஜிபிரெடிக்ட் மென்பொருள் கோளின் பாதையைக் கணித்து, ஹேம்லிப் வழியே ரிசீவரைத் தானே திருத்திக்கொண்டு போக, நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டோம். 137 மெகாஹெர்ட்ஸில் அமெரிக்காவின் நோவா செயற்கைக்கோள்களின் வானிலைப் படங்களைப் பெறும் திட்டத்தைக் கைவிட்டோம். நோவா 15, 18, 19 ஆகிய மூன்றும் 2025 ஜூன் முதல் ஆகஸ்டுக்குள் நிறுத்தப்பட்டன. அவை இருந்திருந்தாலும் நம் ரிசீவரில் ஒரு நேரத்தில் கேட்கும் அலைவரிசை அகலத்தை வரையறுக்கும் ஃபில்டர்களில் குறுகிய ஃபில்டர் அந்தப் படங்களுக்குப் போதாது, அகன்ற ஃபில்டர் தேவைக்கு மிஞ்சியது.

ஒரு தோல்வியையும் சொல்லியாக வேண்டும். கொடைக்கானல் பண்பலை 100.5 மெகாஹெர்ட்ஸ், மைசூரு 100.6 மெகாஹெர்ட்ஸ். மலையின் எந்தச் சரிவில் எது ஓங்கிக் கேட்கிறது என்று அறிய, சிக்னல் அளவைக் கேட்கும் 15 02 கட்டளையைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரு அலைவரிசைகளிலும் அனுப்பி, பதினைந்து நாள் அட்டவணை தயாரித்தோம். அழகான அட்டவணை. ஆனால் 100 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் உள்ள இரு நிலையங்களை அகன்ற ஃபில்டர் பிரித்தறியாது. இரண்டு பத்திகளிலும் நாம் எழுதியது இரண்டின் கலவையையே. கணினி எண்களைக் கேள்வி கேட்காமல் எழுதிக்கொள்ளும். கேள்வி கேட்க வேண்டியிருந்தவர்கள் நாங்கள். அந்த அட்டவணையை ஆவணத்தில் சேர்க்கவில்லை.

பள்ளி மாணவர்கள் வந்திருந்த நாளில், காவல்துறை அலைவரிசைகளையும் கணினியால் தேட முடியுமா என்று ஒரு மாணவர் கேட்டார். அமெச்சூர், பொது ஒலிபரப்பு, செயற்கைக்கோள் அலைவரிசைகளைத் தவிர வேறு எதையும் சங்கத்தின் ரிசீவரில் ஏற்றுவதில்லை என்றும், உரிமம் பெற்ற உறுப்பினர் ஒருவர் உடனில்லாமல் கருவியை இயக்குவதில்லை என்றும் செயற்குழு முடிவெடுத்துள்ளது. நினைவிடங்களின் பட்டியல் கணினிக் கோப்பாக இருப்பதால், யார் எதைச் சேர்த்தார் என்பது இனி தெரியும்.

மூடுபனி மாதங்களில் 3.5 மில்லிமீட்டர் பிளக்கின் பித்தளையில் பச்சை பூத்து, ரிசீவர் இரண்டு முறை ஊமையானது. இப்போது கேபிளும் பலகையும் சிலிக்கா ஜெல் பையுடன் மூடிபோட்ட டப்பாவில் இருக்கின்றன. மின்சுற்று வரைபடம் மூடியின் உட்புறத்தில் ஒட்டப்பட்டுள்ளது. இடி மழை தொடங்கினால் முதலில் ஆன்டெனா கேபிளையும் பிறகு யூஎஸ்பி கேபிளையும் கழற்ற வேண்டும். அலமாரிச் சாவி ஒன்று பொருளாளரிடமும் மற்றொன்று என்னிடமும் உள்ளது. அடுத்த ஆண்டுக்கு இன்னொரு யூஎஸ்பி பலகையும், இரண்டு ஷாட்கி டயோடுகளும், பேட்டரி சார்ஜர் ஒன்றும் வாங்க இப்பேரவையின் ஒப்புதலைக் கோருகிறேன். கடையைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை இம்முறை மூத்த உறுப்பினரிடம் ஒப்படைக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்
குன்னூர்