குழந்தைகளின் இரவு உடைகளுக்கான தீப்பாதுகாப்புச் சோதனை: கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஜவுளிப் பரிசோதனைக்கூடத் தொழில்நுட்பப் பணியாளர்கள்

பெறுநர்:
உயர்திரு செயலாளர் அவர்கள்,
நுகர்பொருள் பாதுகாப்புத் துறை

பொருள்: குழந்தைகளின் இரவு உடைகளைச் சலவைக்குப் பின்னரும் தையலோடும் தீச்சோதனை செய்ய விதி வகுக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். புதுத் துணியில் ஒரு துண்டை வெட்டிச் சோதித்துச் சான்று தருவது குழந்தைக்குப் பாதுகாப்பு ஆகாது. குழந்தை உடுத்துவது பலமுறை துவைத்த, தைத்த உடையை. விதி அந்த உடையைப் பற்றிப் பேச வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

அமெரிக்காவில் 1971-இல் வெளியான தரவிதி நல்ல அடிப்படை. 8.9 செ.மீ. அகலமும் 25.4 செ.மீ. நீளமும் உள்ள ஐந்து துண்டுகளை 105 டிகிரி செல்சியஸ் சூட்டில் 30 நிமிடம் உலர்த்தி, ஈரம் ஏறாத மூடிய கலத்தில் ஆறவைத்து, பெட்டிக்குள் செங்குத்தாகத் தொங்கவிடுகிறார்கள். கீழ் விளிம்பில் 3 விநாடி தீச்சுடர் படும். கருகிய நீளம் ஐந்துக்கும் சராசரியாக 17.8 செ.மீ.யைத் தாண்டக் கூடாது. ஒரு துண்டுகூட முழு நீளத்துக்கும் கருகக் கூடாது. உலர்த்தும் கட்டத்தில் அலட்சியம் கூடவே கூடாது. பருத்தி காற்றின் ஈரத்தை விரைவில் இழுத்துக்கொள்ளும். ஈரம் ஏறிய துண்டு மெதுவாகத்தான் பற்றும், தேறக் கூடாத துணி தேறிவிடும். கருகிய நீளத்தையும் கண்ணால் பார்த்துக் குறிக்கக் கூடாது. துணியின் எடைக்கேற்ற எடைக்கல்லைக் கருகிய பக்கத்தில் மாட்டித் தூக்கி, கிழிசல் நிற்கும் இடம் வரை அளக்க வேண்டும்.

அதே விதி, துணியை 50 முறை துவைத்த பிறகும் சோதிக்கச் சொல்கிறது. இதை எந்தக் காரணத்துக்காகவும் தளர்த்த வேண்டாம். பருத்தியில் ஏற்றிய தீத்தடுப்புப் பூச்சைக் குளோரின் வெளுப்பான் கெடுத்துவிடும். கால்சியம் மிகுந்த கடின நீரில் சோப்புப் போட்டுத் துவைத்தால் கால்சியம் சோப்புப் படிவு நூலில் தங்கும். பூச்சு அப்படியே இருந்தாலும் அந்தப் படிவு எரியும். ஆகவே சோப்பு, வெளுப்பான் பற்றிய எச்சரிக்கை, சலவையில் அழியாத எழுத்தில், உடையிலேயே தைத்த லேபிளில் இருக்க வேண்டும். அட்டையில் அச்சிட்டால் அது முதல் நாளே குப்பைக்குப் போய்விடும்.

தையலைத் தனியாகச் சோதிப்பதும் கட்டாயம். பாலியஸ்டர் தீயைக் கண்டால் உருகிச் சுருங்கி விலகும். பருத்தி நூலால் தைத்திருந்தால் அந்த நூல் விளக்குத் திரிபோல் உருகலை உறிஞ்சி நின்று எரியும். பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த துணி தனிப் பருத்தியைவிட நல்லது என்று பலரும் எண்ணுகிறார்கள். அது தவறு. கருகிய பருத்தி இழைகள் உருகும் பாலியஸ்டரைத் தாங்கிப் பிடிப்பதால் அது விலகிப் போக வழியில்லை. தையல் துண்டின் நடுவில் மேலிருந்து கீழாக ஓடும்படி வெட்டியே சோதிக்க வேண்டும். லேஸ், பிரில் ஆகியவற்றுக்கும் இதே கண்டிப்பு வேண்டும்.

உடலோடு ஒட்டிய உடைகளுக்கு அமெரிக்கா 1996-இல் இந்தச் சோதனையிலிருந்து விலக்கு அளித்தது. துணிக்கும் உடலுக்கும் நடுவே காற்று குறைவாக இருப்பதால் தீ மெதுவாகப் பரவும். தொளதொளவென்ற விளிம்பு சுடரைத் தொடுவதும் குறையும். விலக்கை நாங்கள் எதிர்க்கவில்லை. ஆனால் ‘ஒட்டிய உடை’ என்ற சொல்லை மட்டும் எழுதி விட்டுவிடாமல் மார்பு, இடுப்பு, மேற்கை, தொடை, மணிக்கட்டு, கணுக்கால் ஒவ்வொன்றுக்கும் அளவுவாரியாக உச்ச வரம்பு எழுத வேண்டும். அலங்காரம் தைத்த இடத்திலிருந்து 6 மி.மீ.க்கு மேல் நீளக் கூடாது என்ற அங்குள்ள நிபந்தனையும் வேண்டும். ‘தீத்தடுப்பு இல்லை, உடலோடு ஒட்ட அணிவிக்கவும்’ என்ற வாசகம் கழுத்து லேபிளில் வர வேண்டும். பெரிய அளவு வாங்கினால் நாளைக்கும் உதவும் என்று பெற்றோர் நினைப்பது இயல்பு. அந்த இடத்தில்தான் விலக்கு பொருளற்றுப் போகிறது.

சோதனையில் தேறுவதற்காக எந்த இரசாயனத்தையும் ஏற்றலாம் என்ற நிலையும் வேண்டாம். டிரிஸ் என்ற தீத்தடுப்புப் பொருள் ஏற்றிய குழந்தை உடைகளை, புற்றுநோய் அபாயம் கருதி, 1977-இல் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் தடை செய்தது. எனவே பூச்சில் உள்ள பொருளின் பெயரைத் தயாரிப்பாளர் சோதனைக்கூடத்திடம் எழுத்தில் தர வேண்டும் என விதியில் சேர்க்கவும்.

சான்றில் துணித்தொகுதி எண், சலவை எண்ணிக்கை, ஐந்து துண்டுகளின் தனித்தனி அளவு ஆகியவை இடம்பெறவும், கடையிலிருந்தே மாதிரி எடுத்து மறுசோதனை செய்யவும் ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
ஜவுளிப் பரிசோதனைக்கூடத் தொழில்நுட்பப் பணியாளர்கள்