பந்தைப் பற்றிச் சொன்ன பொய்

உப்புவெளி,
திருகோணமலை.
ஞாயிறு காலை

அன்பின் மகனுக்கு,

எழுத்தைப் பார்த்துவிட்டு யாரோ சின்னப்பிள்ளை எழுதியது என்று நினைக்காதே. அம்மாதான், அதுவும் வெட்டுப்பட்டு ஒப்பரேஷன் செய்த வலது கையால். பேனையைச் சுற்றி அப்பா பழைய துவாய்த் துண்டொன்றைக் கட்டித் தடிப்பாக்கித் தந்திருக்கிறார். ஒரு தரத்துக்கு 15 நிமிடம்தான் எழுதலாம் என்று உத்தரவு. அதனால் இந்தக் கடிதம் முடிய இரண்டு மூன்று நாள் எடுக்கும்.

முதலில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்பரேஷன் முடிந்து மூன்றாம் கிழமை ஆள் மூலம் நீ அனுப்பிய அந்த நீலப் பந்து இருக்கிறதே, "பிசையுங்கோ அம்மா, கைக்கு நல்லது" என்று ஒவ்வொரு கோலிலும் கேட்டாயே, நானும் ஒவ்வொரு தரமும் "ஓம் ஓம், பிசைகிறேன்" என்றேனே, அது பொய். கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டிய அன்றே அங்குள்ள தொழில்வழிச் சிகிச்சைப் பிள்ளை (கையைத் திரும்ப அன்றாட வேலைகளுக்குப் பழக்குகிறவள்) அதைக் கையிலிருந்து வாங்கி, "டீச்சர், இதை வீட்டில் எங்கேயாவது ஒளித்து வையுங்கோ. இப்ப பிசைந்தால் தைத்தது அறுந்துபோகும்" என்று சொல்லிவிட்டாள். அலுமாரியில் சேலைகளுக்குப் பின்னால் வைத்தேன். அவ்வளவு தூரத்திலிருந்து யோசித்து அனுப்பிய பொருளை, அது கூடாதாம் என்று உன்னிடம் சொல்ல மனம் வரவில்லை.

போன கிழமை நீ கொஞ்சம் கோபமாகக் கேட்டாய். "போத்தல் வெட்டின ஒரு சின்னக் காயத்துக்கு மூன்று மாதமா? ஒழுங்கான இடத்தில் காட்டவில்லையா?" போனில் பதில் சொல்ல வராது. 31 வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள் நான். கரும்பலகை இல்லாவிட்டால் பேப்பராவது வேண்டும்.

காயம் சின்னதுதான். தேசிக்காய் ஊறுகாய்ப் போத்தலுக்குள் துணியை விட்டுக் கையை முறுக்கினேன். போத்தல் விளிம்பு உடைந்து மோதிரவிரலும் சின்னவிரலும் உள்ளங்கையில் தொடங்கும் இடத்தில் ஏறியது. நீளம் இரண்டு அங்குலம்கூட இல்லை. இரத்தத்தைக் கழுவிவிட்டுக் கையைப் பார்த்தால், மற்ற விரல்கள் வழக்கம்போலக் கொஞ்சம் மடிந்திருக்க, மோதிரவிரல் மட்டும் ஈர்க்குக்குச்சி மாதிரி நேராக நின்றது. மடி மடி என்று மனதால் சொல்கிறேன், அது கேட்கவில்லை. அப்போதுதான் பயந்தேன்.

அக்கம்பக்கத்தில் எல்லாரும் "நரம்பு அறுந்துபோச்சு" என்றார்கள். அறுந்தது தசைநாண். நரம்பும் ஒன்று அறுந்தது உண்மைதான், ஆனால் அது வேறு கதை, பிறகு சொல்கிறேன். விரலுக்குள் தசையே கிடையாது, தெரியுமா? விரலை மடக்கும் தசை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் இருக்கிறது. அங்கிருந்து விரலுக்குக் கயிறு வருகிறது. உள்பாவாடை நாடாவை நினைத்துக்கொள். மடிப்புக்குள்ளே நாடா ஓடுகிற மாதிரி, விரலில் ஒரு குழாய்க்குள்ளே இந்தத் தசைநாண் ஓடுகிறது. ஒரு விரலுக்கு இப்படி இரண்டு நாடா, மோதிரவிரலில் இரண்டும் அறுந்துவிட்டன. அறுந்த நாடா என்ன செய்யும்? உள்ளே இழுபட்டுப் போய்விடும். நாங்கள் ஊசி குத்தித் தேடி எடுப்போம். டொக்டரும் அதைத்தான் செய்தார். உள்ளங்கையில் இன்னும் கொஞ்சம் கிழித்து, உள்ளே போன நுனியைத் தேடிப் பிடித்து இழுத்துத் தைத்தார். அதனால்தான் தையல் காயத்தைவிட நீளம்.

இனித்தான் சிக்கல். தைத்த நாடாவை அப்படியே அசையாமல் விட்டால், கஞ்சி போட்டுக் காயவைத்த பாவாடையில் போல, மடிப்போடு ஒட்டிக்கொள்ளும். பிறகு எவ்வளவு இழுத்தாலும் வராது. ஒட்டக்கூடாதென்று இழுத்தாலோ தையல் அறுந்துவிடும். முதல் சில கிழமை அந்த நூல்தான் எல்லாப் பாரத்தையும் தாங்குகிறது. ஆக, அசைக்கவும் வேண்டும், இழுக்கவும் கூடாது. மூன்று மாதம் நாங்கள் செய்ததெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் நடந்ததுதான். உன் பந்து இழுக்கிற பக்கம் போய்விட்டது, அவ்வளவுதான்.

15 நிமிடம் முடிந்துவிட்டது. அப்பா மணிக்கூட்டைக் காட்டுகிறார்.

திங்கள்

நேற்று எழுதியதற்கு இன்று விரல் கொஞ்சம் இறுக்கம். பரவாயில்லை.

ஒப்பரேஷன் முடிந்து நான்காம் நாள் கட்டைப் பிரித்து, அந்தப் பிள்ளை (மட்டக்களப்புப் பிள்ளை, உன் வயதைவிடக் குறைவு) ஒரு வெள்ளைப் பிளாஸ்ரிக் தகட்டைச் சுடுதண்ணீர்த் தட்டில் போட்டாள். அப்பளம் போல இளகியது. துடைத்துவிட்டு, சூடு தாங்குமா என்று தன் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, என் புறங்கையில் போர்த்தினாள். மணிக்கட்டு கொஞ்சம் முன்பக்கம் சாய, விரல் மொளிகள் நன்றாக மடிய, விரல்களுக்கு மேலே கூரை மாதிரி. இரண்டு மூன்று நிமிடத்தில் இறுகி என் கையின் அச்சாகவே ஆகிவிட்டது. ஆறு கிழமை, இரவும் பகலும், நித்திரையிலும் அதுதான். விரல் கூரை வரைக்கும் நிமிரலாம், அதற்கு மேல் போகாது. நித்திரையில் தெரியாமல் கையை விரித்தாலும் தையலுக்கு ஒன்றும் ஆகாது. பார்க்க எளிமை, ஆனால் இதை முதலில் யோசித்தவன் கெட்டிக்காரன்.

அந்தக் கூரைக்குக் கீழே பயிற்சி. பகலில் மணிக்கொரு தரம், இடது கையால் ஒவ்வொரு விரலாக மெல்ல உள்ளங்கைக்கு மடக்கி, பிறகு விரல் தானாகவே கூரையைத் தொட நிமிர வேண்டும். பத்துத் தரம். "இவ்வளவுதானா? இதற்கா பஸ்ஸில் வந்தேன்?" என்று கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டு, உள்ளே தசைநாண் மூன்றிலிருந்து ஐந்து மில்லிமீற்றர் வழுகினால் ஒட்டாமல் இருக்கப் போதும் என்றாள். வீட்டுக்கு வந்து கீரிச்சம்பா அரிசி ஒன்றை அடிமட்டத்தில் வைத்துப் பார்த்தேன். ஏறத்தாழ அதே அளவுதான். பிறகு ஒவ்வொரு தரம் மடக்கும்போதும் ஓர் அரிசி, ஓர் அரிசி என்று எண்ணிக்கொண்டேன்.

வீக்கம் வற்றக் கையை நெஞ்சுக்கு மேலே தூக்கியே வைத்திருக்கச் சொன்னார்கள். அப்படியே ரோட்டோரம் நின்றால் நிலாவெளி பஸ் எல்லாம் எனக்காக நிற்கிறது. ஒரு நாள் கொண்டக்டர் இறங்கி வந்து "ஏறுங்கோ அம்மா" என்று கையைப் பிடிக்கப் பார்த்தான். இல்லை தம்பி, நான் பஸ்ஸை மறிக்கவில்லை, கையைக் காயவைக்கிறேன் என்றேன்.

இன்னொன்று வாசித்தேன், உனக்குச் சொல்ல வேண்டும். எனக்கு வெட்டுப்பட்ட இடத்துக்கு, அதாவது விரலின் அடியிலிருந்து நடுமூட்டு வரையுள்ள பகுதிக்கு, பழைய சத்திரசிகிச்சை நிபுணர்கள் வைத்த பெயர் சூனியப் பிரதேசம். அமெரிக்காவில் ஸ்டெர்லிங் பனல் என்ற பெரிய கை வைத்தியர் வைத்தது. அங்கே அறுந்தால் உடனே தைக்காதே, தைத்தாலும் ஒட்டிப்போகும், காயத்தை ஆறவிட்டுப் பிறகு வேறு இடத்துத் தசைநாணை எடுத்துப் போடு என்பதுதான் அந்தக் காலத்துக் கொள்கை. சூனியப் பிரதேசம் எங்களுக்குத் தெரியாத சொல்லா? யுத்த காலத்தில் பேப்பரில் வாசித்து வாசித்து அலுத்த சொல், இரண்டு படைக்கும் நடுவில் ஒருவரும் கால்வைக்காத நிலம். அது என் விரலுக்குள்ளும் இருக்குமென்று யார் கண்டது! 1967இல் க்ளைனர்ட் என்பவரும் கூட இருந்தவர்களும், நகத்தில் றப்பர் பாண்ட் மாட்டி விரலை மடக்கிவைத்து, நோயாளியே அதற்கு எதிராக நிமிர்த்திப் பழகினால் அங்கேயும் உடனே தைக்கலாம் என்று காட்டினார்கள். எனக்கு றப்பர் பாண்ட் போடவில்லை, முறைகள் மாறிவிட்டன. ஆனால் தைப்பதைவிட அசைப்பதில்தான் விஷயம் இருக்கிறது என்பது அதிலிருந்தே தெரிகிறது. ஆகவே "ஒழுங்கான இடத்தில் காட்டவில்லையா" என்ற உன் கேள்விக்குப் பதில்: காட்டினேன், மகன். மெதுவாகச் செய்வதுதான் ஒழுங்கு.

மூதூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கிளினிக்குக்கு வருவான். கரைவலைக்காரன். கத்தி வெட்டி எனக்கு நடந்த அதே காயம், அதே மாதிரிக் கூரை. நான்காம் கிழமை அதைக் கழற்றி வைத்துவிட்டு வலை இழுக்கப் போயிருக்கிறான். கயிற்றைப் பிடித்த இடத்தில் "டக்" என்று கேட்டதாம். திரும்ப ஒப்பரேஷன், திரும்ப ஒன்றாம் கிழமை. எல்லாரும் அவனைத் திட்டினார்கள். எனக்குத் திட்ட வரவில்லை. எனக்குப் பென்ஷன் இருக்கிறது, நீ இருக்கிறாய், சமைக்க அப்பா இருக்கிறார். நாள் கூலிக்காரன் ஆறு கிழமை கையைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா? அதைப் பற்றி ஒருவரும் அவனிடம் கேட்டதாகத் தெரியவில்லை. அந்தப் பிள்ளை மட்டும் கேட்டாள்.

செவ்வாய்

அவள் கேட்பாள். அதுதான் அவளுடைய வேலை என்று நினைக்கிறேன். முதல் நாளே என்னிடம், "கை சுகமானால் முதலில் என்ன செய்ய வேணும் டீச்சர்?" என்றாள். சுகமானால் எல்லாம் செய்யலாமே என்றேன். "இல்லை, ஒன்று சொல்லுங்கோ." யோசிக்காமல் வாயில் வந்தது: இடியப்பம் பிழிய வேணும். அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டாள். அப்புறம் வந்த ஒவ்வொரு பயிற்சியும் அந்த இடியப்ப உரலை நோக்கித்தான் போயிருக்கிறது, எனக்குத்தான் பிந்தி விளங்கியது. ஆறாம் கிழமை கூரை கழன்றதும் துவாய் மடித்தல், மேசை துடைத்தல், பயறு பொறுக்குதல். எட்டாம் கிழமை தாண்டி இளகின மா குழைத்தல். பத்தாம் கிழமை ஈரத்துணி பிழிதல். பன்னிரண்டு முடிந்த பிறகுதான் உரல்.

நரம்புக் கதை சொல்கிறேன் என்றேனே. தைத்த நரம்பு ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர்தான் வளருமாம். விரல் அடியிலிருந்து நுனிக்கு எத்தனை மில்லிமீற்றர் என்று நீயே கணக்குப் பார். அதுவரைக்கும் மோதிரவிரலின் ஒரு பக்கம் என்னுடையது இல்லை. கண்ணை மூடிக்கொண்டு உழுந்தா பயறா என்று தொட்டுச் சொல்ல வேண்டும், பிழைத்தால் கண் திறந்து பார்த்துத் திரும்பத் தொட வேண்டும். அப்பா இதில் கள்ளவேலை செய்வார். இரண்டையும் கலந்து வைத்துவிட்டுப் பேசாமல் இருப்பார்.

அப்பாவைப் பற்றி ஒன்று. ஆறு கிழமையும் என் தலையை இழுத்துக் கட்டியது அவர்தான். துறைமுகத்தில் கயிறு கட்டிய கை. முதல் நாள் போட்ட முடிச்சை அவிழ்க்க அரை மணித்தியாலம் எடுத்தது. இரண்டாம் கிழமை பின்னப் பழகிவிட்டார். இப்போது நானே பின்னலாம், ஆனால் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. (இது இரண்டாவது பொய். நீயும் சொல்லிவிடாதே.)

பக்கத்து வீட்டு மாமி கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு வா, ஏழு கிணற்றிலும் கையைத் தோய்த்தால் போதும் என்று நின்றா. தையல் இருக்கும்போது எந்தத் தண்ணீரும் படக்கூடாது என்றேன். அதோடு, அந்தக் கிணறுகள் இராவணன் தன் தாயின் கிரியைக்காக உண்டாக்கியவை என்றல்லவா கதை? அந்தத் தாய் செத்துத்தான் மகன் கிணறு தோண்டினான். நான் இருக்கும்போதே என் மகன் பந்து அனுப்பியிருக்கிறான், அது போதும் என்றேன். மாமிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இப்போது காயம் நன்றாக மாறிவிட்டது. காலையில் வாளியில் இளஞ்சூட்டுத் தண்ணீர் வைத்துத் தோய்த்துவிட்டு, தேங்காய் எண்ணெய் தொட்டுத் தழும்பை வட்டம் வட்டமாகத் தேய்க்கிறேன். தழும்பு இளகினால்தான் கீழே உள்ளது ஓடும்.

இப்போதைய நிலவரம் உள்ளபடி சொல்கிறேன். மோதிரவிரல் நுனி உள்ளங்கையைத் தொடவில்லை, ஒரு விரல் இடைவெளி இருக்கிறது. சின்னவிரல் முழுக்க நிமிரவில்லை. இரவில் அதற்குச் சின்னதாக ஒரு தகடு கட்டிப் படுக்கிறேன். பிடியை அளக்கும் கருவியில் இடது கை 22 கிலோ, வலது 9. இன்னும் கூடும் என்கிறாள், முழுதாக வரும் என்று சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

முந்தாநாள் இரவு இடியப்பம் பிழிந்தேன். மாவைக் கொஞ்சம் இளக்கமாகக் குழைத்து, உரலை இரண்டு கையாலும் பிடித்து, எட்டுத் தட்டு. முதல் மூன்றும் ஒரு பக்கம் தடிப்பு, மறுபக்கம் ஓட்டை. ஐந்தாவதில் கை நடுங்கியது. அப்பா "நான் பிழியவா" என்று எழும்பினார், இருங்கோ என்றேன். எட்டையும் சொதியோடு அவரே சாப்பிட்டுவிட்டார். எனக்குப் பாண்தான் மிச்சம்.

மருமகளுக்கும் குஞ்சுக்கும் என் அன்பு. அங்கே குளிர் தொடங்கிவிட்டதென்றாள், பிள்ளைக்குக் காது மூடிக் கட்டுங்கோ.

பந்தை நேற்றுத்தான் அலுமாரியிலிருந்து வெளியே எடுத்தேன். அந்தப் பிள்ளை அனுமதி தந்துவிட்டாள்: காலையில் பத்துத் தரம், மாலையில் பத்துத் தரம், மெல்லமாக. சேலைக்குள் கிடந்து கற்பூர வாசம் பிடித்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கோல் எடுத்துக் கேள். இந்த முறை ஓம் என்றால் ஓம்தான்.

அன்புடன்,
அம்மா