கணக்கு ரத்தத்தில் வருவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

'இனத்துக்கு இனம் அறிவு வேறுபடும் என்று சொல்கிற உளவியலாளர்களின் வாயை மேல்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் அடைத்துவிட்டன' என்று சென்ற இதழில் போகிறபோக்கில் ஒரு வரி. யார் வாயை அடைத்தார்கள்? ஆர்தர் ஜென்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1969-ல் ஹார்வர்டின் கல்வி இதழில் நூறு பக்கத்துக்கு மேல் இந்த வாதத்தை எழுதினார். மாணவர்கள் கொதித்தார்கள், மிரட்டலும் வந்தது, மிரட்டியது தப்புதான். ஆனாலும் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவே இருந்து ஓய்வு பெற்றார். அதே வாதம் பேசி 1994-ல் வந்த 'பெல் கர்வ்' புத்தகம் விற்பனையில் சக்கைப்போடு போட்டது. 2020-ல் 'சைக்கலாஜிகல் சயின்ஸ்' என்ற உளவியல் இதழிலிருந்து நீக்கிய கட்டுரையைச் சான்றாகக் காட்டுகிறீர்கள். அதை நீக்கச் சொன்னவர்கள் எழுதியவர்களேதான். நாடுவாரியாக ரிச்சர்ட் லின் என்ற உளவியலாளர் தொகுத்த ஐ.க்யூ. எண்களை நம்பியிருந்தார்கள், அவை தேறவில்லை.

வெள்ளைக்காரர் ஆட்சியில் எட்கர் தர்ஸ்டன் சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்துகொண்டு, சாதிவாரியாக நம் ஆட்களின் மூக்கையும் மண்டையையும் அளந்தது உங்களுக்குத் தெரியாததல்ல. 1911-ல் நம் மாகாணத்துக்கும் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் பிறப்பைப் பார்த்தே கைரேகை கேட்டதும் தெரியும். தெரிந்தும் அந்த வரியை விட்டீர்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

காரைக்குடிப் பக்கம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். 'செட்டியார் வீட்டுப் பிள்ளைக்குக் கணக்கு ரத்தத்திலேயே ஊறினது' என்பது எங்கள் ஆசிரியர் அறையில் வாய்ப்பாடு மாதிரி. ரத்தமாவது ஒன்றாவது. மீசை முளைக்குமுன் பையனைப் பர்மாவுக்கோ மலாயாவுக்கோ கப்பலேற்றி, வட்டிக்கடையின் பெட்டியடியில் உட்காரவைத்து, அடுத்தாள் என்கிற மேல் கணக்குப்பிள்ளை அதட்ட அதட்ட வட்டிக் கணக்கு எழுதவைத்தார்கள், அதற்கு முன்பே முந்திரி, காணி, மா என்று கீழ்வாயிலக்கம், அதாவது பின்ன வாய்ப்பாடு, முழுக்க மனப்பாடம். யாரை அப்படி உட்காரவைத்தாலும் வரும். என்னிடம் படித்த ஒரு பெண்ணின் அப்பா ஆத்தங்குடியில் பூக்கல் என்கிற தரைக்கல் வார்க்கிறவர். எந்தக் கூடத்துக்கு எத்தனை கல், உடைசலுக்கு எவ்வளவு சேர்க்கணும் என்று அவருக்கு அவள்தான் வாய்க்கணக்காகச் சொல்வாள். 'இதுங்களுக்கு இதுக்கு மேல ஏறாது, பத்தாவதோட நிறுத்திடுங்க' என்று பள்ளியிலேயே அவரிடம் சொன்னார்கள். நிறுத்திவிட்டார். வாயடைப்பு என்றால் எனக்கு அந்தப் பெண்தான் நினைவுக்கு வருகிறாள்.

முன்பொரு தடவை வகுப்பில் சாதி பார்த்து உட்காரவைப்பது பற்றி எழுதினேன், நாலு வரியாக வெட்டிப் போட்டீர்கள். ராசிபலனுக்கு மட்டும் வாராவாரம் முழுப்பக்கம் கிடைக்கிறது.

சரி, பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கட்டுரையை நீக்கச் சொன்னவர்கள் அதை எழுதியவர்களே என்று அதே பக்கத்தில் இரண்டு வரி திருத்தம் போடுங்கள். இந்தக் கடிதத்தை எப்படி வெட்டினாலும் பரவாயில்லை, அதைப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர்,
காரைக்குடி