கஸ்தெல்நோ கோட்டையில் கை கொடுத்தவர்களுக்கு நன்றி

கடந்த ஆடி மாதம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு பிரான்சின் தோர்தோஞ் ஆற்றுப் பக்கம் போயிருந்தோம். அப்பா யாழ்ப்பாணத்தில் 40 வருடம் தச்சு வேலை செய்தவர். இப்போது முழங்கால் வலியோடு பாரிசில் எங்களுடன் இருக்கிறார். கஸ்தெல்நோ கோட்டையில் 1985 முதல் இடைக்காலப் போர் அருங்காட்சியகம் இருக்கிறது. அந்தக் காலத்தில் கோட்டைகளை முற்றுகையிடப் பயன்பட்ட கல்லெறி பொறிகளை முழு அளவில் மரத்திலேயே செய்து வைத்திருக்கிறார்கள். அவற்றை அப்பா பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

செங்குத்தான கல் பாதையில் அப்பாவுக்குத் தோள் கொடுத்து மேலே ஏற்றிவிட்ட இரண்டு தம்பிமாருக்கு முதல் நன்றி. நீங்கள் வராவிட்டால் பாதி வழியிலேயே திரும்பியிருப்போம்.

த்ரெபுஷே என்ற பெரிய பொறியைக் கண்டதும் அப்பா, "இது எங்கட கிணத்துத் துலாவெல்லோ!" என்றார். உண்மைதான். ஒரு முனையில் பாரப்பெட்டி, மறுமுனையில் வாளிக்குப் பதிலாகக் கவண். பெட்டி விழ, நீண்ட முனை எழும்ப, கவணின் ஒரு கயிறு நுனிக் கொக்கியிலிருந்து வழுக்கிக் கழன்று கல் பறக்கும்.

இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லித் தந்த அருங்காட்சியகப் பணியாளர் அம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வது! பெரியேர் என்ற பொறியில் ஆட்கள் கயிறு பிடித்து இழுப்பார்கள், மாங்கோனோ என்ற பொறியில் பாரம் மரத்தோடு பூட்டியிருக்கும், த்ரெபுஷேயில் தொங்கி ஆடும் என்று அப்பாவுக்கு விளங்கும்வரை கையால் ஆட்டிக் காட்டினீர்கள். 13ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு வரைபடக் கலைஞர் வில்லார் த ஒன்கூர் வரைந்த த்ரெபுஷேயில் அடிச்சட்டத்தின் படம் மட்டுமே மிஞ்சியிருக்கிறது என்றும், அவர் எழுதிய, மண் நிரப்பும் பாரப்பெட்டியின் அளவு 12 அடி நீளம், 9 அடி அகலம், 12 அடி ஆழம் என்றும் சொன்னீர்கள். அப்பா உடனே மனக்கணக்காக, "1296 கன அடி மண்" என்றார். அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தைப் பார்த்து வருடக்கணக்காகிவிட்டது.

அப்புறம், அந்த பிரெஞ்சுப் பெரியவர். நீங்களும் தச்சர் என்பதை அப்பா உங்கள் விரல்களைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். பொறியின் மரச்சட்டத் துளையில் இறங்கிய கழுந்தையும் அதில் அடித்த மரமுளையையும் இருவரும் தடவித் தடவிப் பேசினீர்கள், அவரவர் மொழியில். என் மகள் மொழிபெயர்க்க வந்தபோது வேண்டாமென்று கையசைத்துவிட்டீர்கள்.

ஐயா, உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டோம். அப்பா இப்போது ஒரு முழ உயரத்தில் த்ரெபுஷே ஒன்று செய்துகொண்டிருக்கிறார், உங்களுக்காக. இந்த மடலை மகள் பிரெஞ்சில் எழுதி அருங்காட்சியகத்துக்கும் அனுப்புகிறாள். உங்கள் கண்ணில் பட்டால் அங்கே ஒரு சொல் சொல்லிவிடுங்கள்.