புதிய பதிப்பில் லாபம் ஏன் குறைவாகத் தெரிகிறது?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வாங்கி விற்கும் விதி ஒன்றைப் பழைய பங்கு விலைகளில் ஓட்டி, எவ்வளவு லாபம் வந்திருக்கும் என்று காட்டும் எங்கள் சோதனை மென்பொருளின் புதிய பதிப்பை நிறுவியவர்களில் பலர் ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள்: "அதே விதி, அதே பங்குகள், அதே ஆண்டுகள். லாபம் மட்டும் குறைந்துவிட்டதே, ஏன்?" நியாயமான கேள்வி. உங்கள் பணம் சம்பந்தப்பட்டது என்பதால் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறோம்.

பழைய பதிப்பில் தரகு, ஸ்லிப்பேஜ் (எதிர்பார்த்த விலைக்கும் உண்மையில் கிடைக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம்), மறுநாள் ஆர்டர் (இன்று முடிவெடுத்து மறுநாள் வாங்குவது அல்லது விற்பது) ஆகியவற்றை வேண்டுமானால் நீங்களே சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தோம். இப்போது அவை தொடக்கத்திலிருந்தே சேர்ந்திருக்கும். வேண்டாம் என்றால் நீக்கலாம். நீக்கியிருப்பது அறிக்கையின் முதல் வரியில் அச்சாகும். அப்புறம், ஒரு வர்த்தகத்தில் எவ்வளவு பணம் போடுகிறீர்கள் என்று சொல்லாமல் சோதனையை ஓட்டவே முடியாது.

மறுநாள் ஆர்டர் விஷயம் எளிது. இன்றைய முடிவு விலையை வைத்து மூவிங் ஆவரேஜ் (கடைசிச் சில நாள் விலைகளின் சராசரி) கணக்கிட்டுவிட்டு, அதே முடிவு விலையில் வாங்கியதாக எழுதினால், சந்தை மூடிய பிறகு தெரிய வந்த எண்ணை வைத்து மூடுவதற்கு முன்பே வாங்கியதாக ஆகிறது. அதனால் மறுநாள் தொடக்க விலைதான் கணக்கு. ஒரே நாளில் ஸ்டாப் லாஸ் விலையும் (நட்டத்தை நிறுத்த விற்றுவிடும் விலை) இலக்கு விலையும் (லாபத்தோடு விற்கும் விலை) தொடப்பட்டிருந்தால் எது முதலில் நடந்தது? தொடக்கம், உச்சம், தாழ்வு, முடிவு என்ற நான்கு எண்களிலிருந்து அது தெரியாது. நாங்கள் ஸ்டாப் லாஸ்தான் முதலில் என்று எடுத்துக்கொள்கிறோம். நிமிட விலைகளை இணைத்தால் உண்மையான வரிசையே வந்துவிடும். பங்கு ஸ்டாப் விலைக்குக் கீழேயே திறந்தால், வெளியேறும் விலை அந்தத் தொடக்க விலைதான். 1987 அக்டோபர் 19 அன்று அமெரிக்கப் பங்குச் சந்தையின் டோ ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் 22.6 சதவீதம் விழுந்தது. அப்படிப்பட்ட நாளிலும் எல்லாரும் குறித்த விலையிலேயே வெளியேறினார்கள் என்று காட்டும் அறிக்கையை நம்பிப் பணம் போடக் கூடாது.

செலவு எல்லா முறையையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. ஒரு வர்த்தகத்தின் சராசரி லாபம் 0.4 சதவீதம், வாங்கி விற்கும் செலவு 0.3 சதவீதம் என்றால் முக்கால் பங்கு லாபம் போய்விடுகிறது. மாதக்கணக்கில் பங்கை வைத்திருக்கும் முறைக்கு அதே செலவு பெரிதாகத் தெரியாது. புதிய பதிப்பில் அதிகம் அடிவாங்கியிருப்பவை அடிக்கடி வாங்கி விற்கும் முறைகள்தான்.

விலைத் தரவிலும் கவனம் வேண்டும். ஆப்பிள் பங்கு 1980 டிசம்பரில் 22 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. அதன் பிறகு ஐந்து முறை பிரிக்கப்பட்டதில் அன்றைய ஒரு பங்கு இன்று 224 பங்குகள். இப்படிப் பிரித்ததற்கு ஏற்பப் பழைய விலைகளைத் திருத்திய பட்டியலில் அந்த 22 டாலர், சுமார் 10 சென்ட் என்று நிற்கிறது. "5 டாலருக்குக் கீழே உள்ள பங்குகளை வாங்கு" என்று விதி எழுதினால் மென்பொருள் 1980-லேயே ஆப்பிளை அள்ளிக்கொண்டு வரும். அன்றைக்கு அந்த விலையில் யாருக்கும் அது கிடைக்கவில்லை. பின்னாளில் பலமுறை பிரிக்கப்படும் அளவுக்கு வளர்ந்த பங்குகளை உங்கள் விதி முன்கூட்டியே அறிந்ததுபோல் ஆகிவிடுகிறது. ஆகவே விலை வரம்பு விதிகள் இனி அன்றைய உண்மை விலையைப் பார்க்கும். லாப நட்டக் கணக்கு மட்டும் திருத்திய விலையில் நடக்கும். பங்குச் சந்தையின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட நிறுவனங்களும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. இன்று உயிரோடு இருக்கும் நிறுவனங்களை மட்டும் வைத்துச் சோதித்தால் எந்த விதியும் நன்றாகத்தான் தெரியும்.

ஃப்யூச்சர்ஸ் (பின்னொரு நாளில் வாங்க அல்லது விற்க இன்றே விலை பேசும் ஒப்பந்தம்) வர்த்தகர்களுக்கு ஒரு குறிப்பு. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்க கச்சா எண்ணெயின் மே மாத ஒப்பந்தம் மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. விலை பூஜ்யத்துக்குக் கீழே போகாது என்று நம்பி எழுதிய சதவீதச் சூத்திரங்கள் அன்று பொருளற்றுப்போயின. ஃப்யூச்சர்ஸ் கணக்கு இனி சதவீதத்தில் இல்லாமல், விலை எத்தனை புள்ளி மாறியது என்பதில்தான் நடக்கும்.

சரி, இனி முக்கியமான விஷயம். எப்போது வாங்குவது என்ற விதியைத் தேடவே பெரும்பாலானோர் நேரம் செலவிடுகிறார்கள். எவ்வளவு வாங்குவது என்பதுதான் பல நேரங்களில் முடிவைத் தீர்மானிக்கிறது. ஒரு கணக்கைப் பாருங்கள். 100 முறை பந்தயம் கட்டுகிறீர்கள். 60 முறை ஜெயித்து 40 முறை தோற்கிறீர்கள். கட்டிய தொகைக்குச் சமமான தொகைதான் வரும் அல்லது போகும். தொடக்கத்தில் கையில் இருக்கும் பணம் 100 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் கையிருப்பில் 10 சதவீதம் கட்டினால் முடிவில் கையில் சுமார் 450 இருக்கும். 20 சதவீதம் கட்டினால் சுமார் 749. 40 சதவீதம் கட்டினால்? வெறும் 78! வெற்றி தோல்வி எந்த வரிசையில் வந்தாலும் இந்த எண்கள் மாறாது. விதி மூன்றிலும் ஒன்றுதான். அளவு மட்டுமே வேறு.

அந்த 20 சதவீதம் பெல் ஆய்வகத்தில் இருந்த ஜான் கெல்லி 1956-இல் வெளியிட்ட சூத்திரத்திலிருந்து வருவது. ஆனால் பந்தயத்தின் வெற்றி விகிதம் துல்லியமாகத் தெரிந்தால்தான் அது சரி. சந்தையில் நம்மிடம் இருப்பது ஒரு மதிப்பீடு மட்டும். அதனால் கெல்லி அளவில் பாதியோ அதற்கும் குறைவோ வைத்துச் சோதியுங்கள் என்பது எங்கள் கருத்து. மேலே உள்ள கணக்கிலேயே பாதி அளவு வைத்தவர் வளர்ச்சி வேகத்தில் கால் பங்கைத்தான் இழக்கிறார். நடுவில் வரும் சரிவோ அவருக்கு வெகுவாகக் குறைகிறது.

1983-இல் ரிச்சர்ட் டென்னிஸும் வில்லியம் எக்கார்ட்டும் பயிற்சி கொடுத்த 'ஆமைகள்' என்ற வர்த்தகர் குழு இதை அழகாகக் கையாண்டது. ஒரு சந்தை நாளொன்றுக்கு எவ்வளவு ஆடுகிறது என்று 20 நாள் சராசரியில் அளந்து, அந்த ஆட்டம் கையில் உள்ள மொத்தப் பணத்தில் 1 சதவீதத்துக்குச் சமமாகும்படி ஒரு யூனிட்டை, அதாவது ஒருமுறை வாங்கும் அளவை, நிர்ணயித்தார்கள். அதிகம் ஆடும் சந்தையில் சிறிய தொகை, அமைதியான சந்தையில் பெரிய தொகை. இந்த முறை புதிய பதிப்பில் தயாராக இருக்கிறது.

பத்துக்கு நான்கு முறை மட்டுமே ஜெயிக்கும் விதியில், 1000 வர்த்தகங்களுக்குள் தொடர்ந்து 11, 12 தோல்விகள் வருவது சாதாரணம். ஒவ்வொன்றிலும் 2 சதவீதம் போனால் 10 தோல்வியில் கையிருப்பு 18 சதவீதம் குறையும். 10 சதவீதம் போனால் 65 சதவீதம் குறையும். அதிலிருந்து மீள மிச்சப் பணம் கிட்டத்தட்ட மூன்று மடங்காக வேண்டும். வர்த்தகங்களின் வரிசையைக் கலைத்துப் போட்டுப் பார்க்கும் வசதியை ஒருமுறையாவது பயன்படுத்துங்கள். உங்கள் அறிக்கையில் இருக்கும் சரிவு, வரக்கூடிய பல சரிவுகளில் ஒன்றுதான் என்பது தெரியும்.

இரண்டு மூவிங் ஆவரேஜ்களுக்கு எத்தனை நாள் என்பதில் 1 முதல் 200 வரை எல்லா எண்களையும் முயன்றால் 40,000 சேர்க்கைகள். அவற்றில் சில வெறும் அதிர்ஷ்டத்திலேயே பிரமாதமாகத் தெரியும். உச்சியில் இருப்பதை எடுக்காதீர்கள். பக்கத்து எண்களும் சுமாராக லாபம் தரும் பகுதியைத் தேடுங்கள். கடைசிச் சில ஆண்டுகளின் தரவை ஒதுக்கி வைத்து, தேடல் முடிந்த பிறகு ஒரே ஒரு முறை அதில் ஓட்டிப் பாருங்கள்.

பழைய திட்டக் கோப்பைத் திறந்தால் "பழைய அமைப்புடன் ஒப்பிடு" என்ற பொத்தான் வரும். லாபம் குறைந்ததில் செலவால் எவ்வளவு, மறுநாள் ஆர்டரால் எவ்வளவு, தரவுத் திருத்தத்தால் எவ்வளவு என்று தனித்தனியாகக் காட்டும். அந்தக் கணக்கில் அடங்காத வித்தியாசம் ஏதாவது இருந்தால் திட்டக் கோப்பையும் வர்த்தகப் பட்டியலையும் எங்களுக்கு அனுப்புங்கள். உங்கள் விதியை வெளியிட விருப்பமில்லை என்றால் பட்டியல் மட்டும் போதும். தரகுக் கணக்கு விவரங்களோ கடவுச்சொல்லோ வேண்டாம்.

அன்புடன்,
மென்பொருள் குழுவினர்