ஆண்டறிக்கை 2024–25: பொதுக்குழுவில் செயலாளர் சமர்ப்பித்தது

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வருகை தந்துள்ள அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய உள்ள காலத்திற்கான நம் மென்பொருள் பொறியாளர் சங்கத்தின் ஆண்டறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன்.

செயற்குழு ஒன்பது முறை கூடியது. பள்ளி மாணவர்களுக்கான கோடைக்காலக் கணினி வகுப்பு பதினைந்து நாட்கள் நடைபெற்றது. ஆயுத பூஜை வழக்கம்போல் கொண்டாடப்பட்டது. நூலகத்திற்கு நான்கு நூல்கள் வாங்கப்பட்டன.

சந்தா பதிவேடு குறித்துச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. சென்ற ஜூலையில், சந்தா நிலுவை என்று என் கையொப்பத்துடன் சென்ற நினைவூட்டல் கடிதங்களில் மூன்று, ஏற்கெனவே பணம் செலுத்திய உறுப்பினர்களுக்குச் சென்றுவிட்டன. அவர்களுள் மூத்தவர் ஒருவர் நேரில் வந்து, ரசீதை என் மேசைமீது வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றார். ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையில் தொகை இருந்தது; கணினிப் பதிவேட்டில் அவர் பெயரே இல்லை. அன்றிலிருந்து, வசூல் மேசையில் அமர்ந்த இருவரைப் பற்றி நம்மிடையே எழுந்த பேச்சை எல்லோரும் அறிவீர்கள். அவர்கள் இருவரும் ஒரு ரூபாய்கூடத் தவறாகக் கையாளவில்லை என்பதை இந்த அறிக்கையில் பதிவு செய்வது என் கடமை.

ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மேசைகளில் ஒரே நேரத்தில் சந்தா வசூலாகிறது. நம் உறுப்பினர் ஒருவர் எழுதித் தந்த நிரல், ஒவ்வொரு மேசைக்கும் ஒரு த்ரெட் (நிரலுக்குள் தனியே ஓடும் வேலைத்தொடர்) என்ற முறையில் மூன்று வேலைகளைச் செய்கிறது: பட்டியலைப் படிக்கிறது, பெயரைச் சேர்க்கிறது, முழுப் பட்டியலையும் திரும்ப எழுதுகிறது. இரண்டு மேசைகளின் மும்மூன்று படிகளும் ஒன்றோடொன்று கலந்து நடக்கக்கூடிய வரிசைகள் மொத்தம் 20. அவற்றுள் ஒரு மேசை முழுவதும் முடித்த பிறகு மற்றது தொடங்கும் 2 வரிசைகளில் மட்டுமே இரு பெயர்களும் நிலைக்கும். இருநூறு முறை ஓட்டிப் பார்த்தும் பிழை தென்படவில்லையே என்று செயற்குழுவில் கேட்கப்பட்டது. ஒரு மேசையின் வேலை கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுவதால், நாம் ஓட்டிப் பார்த்தபோதெல்லாம் அந்த நல்ல வரிசைகளே அமைந்தன. மற்ற 18 வரிசைகள் கூட்டம் மிகுந்த ஒரு ஞாயிறுக்காகக் காத்திருந்தன.

ஆகவே, ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை என் மாலை நேரங்களைச் செலவிட்டு, இந்த வசூல் முறையை, ஸ்பின் கருவிக்கான ப்ரொமேலா மொழியில் நாற்பது வரி மாதிரியாக எழுதி, அக்கருவியில் இட்டுச் சரிபார்த்தேன். ஸ்பின் என்பது ஜெரார்டு ஹோல்ஸ்மன் பெல் ஆய்வகத்தில் உருவாக்கிய கருவி. 1991 முதல் எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். நிரலைச் சில முறை ஓட்டிப் பார்ப்பதோடு நில்லாமல், மாதிரி அடையக்கூடிய நிலைகள் அனைத்தையும் அது ஒன்றுவிடாமல் ஆராய்கிறது. இரு மேசைகளும் முடித்தபின் இரு பெயர்களும் பட்டியலில் இருக்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனையைக் கொடுத்தேன். ஒரு நொடிக்குள், பிழைக்குச் செல்லும் வழியைப் படிப்படியாகக் காட்டிவிட்டது: முதல் மேசை படிக்கிறது, இரண்டாம் மேசை படிக்கிறது, முதல் மேசை பெயரைச் சேர்த்து எழுதுகிறது, இரண்டாம் மேசை, அந்தப் பெயர் இல்லாத தன் பழைய பிரதியில் தன் பெயரைச் சேர்த்து அதன்மேல் எழுதுகிறது. அந்த மூத்த உறுப்பினரின் பெயர் காணாமற்போனது இப்படித்தான்.

திருத்தமும் முதல் முயற்சியில் அமையவில்லை. ஒவ்வொரு மேசையும் 'நான் எழுதப் போகிறேன்' என்று காட்டும் கொடியை நிரலில் உயர்த்திவிட்டு, எதிர்மேசையின் கொடி இறங்கும்வரை காத்திருக்கட்டும் என்று மாற்றினேன். இரண்டும் ஒரே நேரத்தில் கொடி உயர்த்தினால் இரண்டுமே நகராது என்று ஸ்பின் டெட்லாக்கைச் சுட்டியது. 1981இல் பீட்டர்சன் வெளியிட்ட முறைப்படி, கொடியோடு 'முறை யாருடையது' என்ற ஒரு மாறியையும் சேர்த்தபோது பிழை எதுவும் இல்லை என்று வந்தது. ஆயினும் ஒரு மேசை நினைவகத்தில் எழுதுபவை, எழுதிய வரிசையிலேயே மற்ற மேசைக்கும் தெரியும் என்ற அந்த முறையின் எதிர்பார்ப்பை இன்றைய செயலிகள் தாமாகக் காப்பாற்றுவதில்லை என்பதால், நிரலில், ஒரு நேரத்தில் ஒரு மேசையை மட்டுமே உள்ளே விடும், இயங்குதளம் தரும் ம்யூடெக்ஸ் பூட்டையே வைத்தோம். ஜனவரி முதல் ஒரு பெயரும் தவறவில்லை.

இதை விளக்க மூன்று ஞாயிறுகளில் கூட்டம் ஏற்பாடு செய்தேன். 64 உறுப்பினர்களுள் முதற்கூட்டத்திற்கு ஏழு பேரும் கடைசிக் கூட்டத்திற்கு நான்கு பேரும் வந்தார்கள். குற்றம் சுமத்திப் பேசியவர்களுள் ஒருவரும் வரவில்லை என்பது எனக்கு வருத்தமே. வந்தவர்களுக்கு, சிறுசேரியிலுள்ள சென்னை கணிதவியல் கழகப் பேராசிரியரின் மாடல் செக்கிங் (ஸ்பின் செய்வதுபோல் மாதிரியின் எல்லா நிலைகளையும் ஆராயும் முறை) குறித்த என்பிடெல் இணையப் பாடப் பதிவுகள் பெரிதும் உதவின.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. நிலுவைப் பட்டியலில் இப்போது 19 பெயர்கள் உள்ளன. ஒவ்வொன்றையும் அடிக்கட்டைகளோடு நானே ஒப்பிட்டுவிட்டேன்; இம்முறை பட்டியலில் பிழை இல்லை.

தலைவர், பொருளாளர், தணிக்கையாளர், அறை தந்து உதவிய கட்டட உரிமையாளர் ஆகியோருக்குச் சங்கத்தின் நன்றி உரித்தாகுக. பழிச்சொல்லைப் பொறுத்துக்கொண்டு, அதன் பிறகும் ஒவ்வொரு ஞாயிறும் வசூல் மேசையில் அமர்ந்த இருவருக்கும் என் தனிப்பட்ட நன்றி.

வரும் ஆண்டைப் பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன். நாசாவின் டீப் ஸ்பேஸ் 1 விண்கலத்தைத் தானாக இயக்குவதற்கான ரிமோட் ஏஜென்ட் மென்பொருளின் ஒரு பகுதியை 1997இல் ஸ்பின் கொண்டு ஆராய்ந்தபோது ஐந்து பிழைகள் கண்டறியப்பட்டன. ஆனால் 1999 மே மாதம், கலம் விண்ணில் இருக்கும்போதே, அவ்வாறு ஆராயப்படாத வேறொரு பகுதியில் அவற்றுள் ஒன்றைப் போன்ற பிழையே டெட்லாக்கை உண்டாக்கியது. நம் நிரலிலும் சந்தாப் பகுதிக்கு மட்டுமே மாதிரி எழுதியிருக்கிறேன். அரங்க முன்பதிவுப் பகுதியும் அதே படித்தல், சேர்த்தல், எழுதுதல் முறையில்தான் உள்ளது. இரண்டு திருமணங்களுக்கு ஒரே நாளை எழுதிக் கொடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்கும் நிலை நமக்கு வரக்கூடாது. அதை நான் ஒருவனாக முடிக்க இயலாது. மாதத்தில் இரண்டு ஞாயிறு ஒதுக்கக்கூடிய இருவர் போதும். ப்ரொமேலா தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஜூன் மாதத்தின் முதல் ஞாயிறு காலை 10 மணிக்குச் சங்க அறையில் இருப்பேன். நிலுவை உள்ளவர்கள் அன்றே செலுத்தவும் வசதி செய்யப்பட்டுள்ளது.

இவண்,
செயலாளர்