கணக்கு நோட்டை வாங்கட்டுமா என்று கேட்டாயே

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கண்ணில் புரை எடுத்துவிட்டுக் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தேன், அதனால்தான் பதில் தாமதம். இப்போது எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிகிறது. உன் கையெழுத்து பள்ளிக்கூடத்தில் இருந்த மாதிரியே இன்னும் கோழி கிளறினது போலத்தான் இருக்கிறது என்பதும் தெரிகிறது.

மகனுக்கு வேலை நிரந்தரமானதில் ரொம்பச் சந்தோஷம். சரி, விஷயத்துக்கு வருகிறேன். “எங்கள் பெண்கள் சேமிப்புக் குழுவில் படித்தவள் நான் ஒருத்திதான், கணக்கு நோட்டை என்னிடமே கொடுக்கிறார்கள், வாங்கட்டுமா?” என்று கேட்டிருந்தாய். வாங்கிக்கொள். ஆனால் கணக்குத் தெரிந்தவளும் நீ ஒருத்திதான் என்று ஆகிவிடாமல் பார்த்துக்கொள்.

எங்கள் குழுவுக்குப் பதினொரு வருஷம் நான்தான் எழுதினேன். ஒரு கூட்டத்தில் பணப்பெட்டியில் கையிருப்பு 5,460 என்று வாசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். சுவரோரம் உட்கார்ந்திருந்த அக்கா ஒருத்தர், கையெழுத்துக்கூடப் போடத் தெரியாதவர், “நில்லு, போன தடவை பூட்டும்போது ஐயாயிரத்து அறுநூத்தி நாப்பதுன்னுதானே சொன்னே?” என்றார். எனக்குச் சுருக்கென்றது. நோட்டில் இருக்கிறதே என்று வாதாடவும் செய்தேன். பெட்டியைத் திறந்து எண்ணினோம். 5,640. பக்கம் மாற்றி எழுதும்போது இரண்டு இலக்கத்தை இடம் மாற்றிப் போட்டிருக்கிறேன். (இப்படி அடுத்தடுத்த இலக்கம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். 180, 27, 450 என்று கணக்கு உதைத்தால் முதலில் இதைத்தான் தேடு.) அன்றைக்கு அவர் வாய் திறக்காமல் இருந்திருந்தால் 180 அதிகமாக இருந்ததற்கு யாரும் காரணம் கேட்டிருக்க மாட்டார்கள். அதுவே குறைந்திருந்தால் என் பெயர் என்ன ஆகியிருக்கும்!

அதன் பிறகு கூட்டம் முடிந்து பூட்டும் முன் இருப்பை மூன்று தடவை சத்தமாகச் சொல்வோம், எல்லோரும் திருப்பிச் சொல்வார்கள். அடுத்த கூட்டத்தில் பெட்டியைத் திறக்கும் முன் யாராவது ஒருத்தர் நினைவிலிருந்து சொல்ல வேண்டும். ஆப்பிரிக்காவில் நைஜர் நாட்டில் 1991-ல் கேர் என்ற தொண்டு நிறுவனம் கிராமத்துப் பெண்களை வைத்து ஆரம்பித்த சேமிப்புக் குழுக்களில் கணக்கே இப்படித்தான். பெரும்பாலானவர்களுக்கு எழுத்து தெரியாது, நோட்டும் கிடையாது, நினைவுதான். அந்த முறை பிறகு எத்தனையோ நாடுகளுக்குப் போயிற்று. மூன்று பூட்டுப் பெட்டியும் அந்த வழியில் வந்ததுதான். மூன்று சாவி மூன்று பேரிடம், பெட்டி நாலாவது ஆள் வீட்டில். சாவி வைத்திருக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் சொந்தமாக இருக்கக் கூடாது. எங்கள் குழுவில் முதல் வருஷம் மாமியார், மருமகள் இருவரிடமும் சாவி இருந்தது. இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லாததால்தான் பணம் தப்பித்தது என்று கேலி செய்வார்கள்.

வட்டி நூற்றுக்கு இரண்டு என்று எழுதியிருக்கிறாய். எதன் மேல் இரண்டு? 1,000 வாங்கி, மாதம் 100 வீதம் பத்து மாதத்தில் அடைக்கிறவளுக்கு, வாங்கின தொகைக்கே கடைசி மாதம் வரை வட்டி போட்டால் மொத்தம் 200. அந்தந்த மாதப் பாக்கிக்கு மட்டும் போட்டால் 110. பேச்சில் இரண்டும் “ரெண்டு வட்டி”தான். முதல் கடன் கொடுக்கும் முன்பே இதைத் தீர்த்துவிடு.

“நம்ம வட்டி நமக்கே திரும்பி வருகிறது” என்றும் எழுதியிருக்கிறாய். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கடன் வாங்காமல் சேமிக்க மட்டும் செய்கிறவளுக்குத்தான் அதில் நிஜமான லாபம். அடிக்கடி வாங்குகிறவள் கட்டின வட்டியில்தான் அந்த லாபமே. வட்டிக்குக் கொடுக்கும் ஆளிடம் போவதைவிட அவளுக்கு இது எவ்வளவோ மேல், மறுக்கவில்லை. ஆனால் வருஷக் கடைசியில் பங்கு பிரிக்கும்போது எல்லோர் முகத்திலும் ஒரே சிரிப்பு இருக்காது. அதனால்தான் மருத்துவச் செலவு, சாவு மாதிரியானவற்றுக்குத் தனியாக ஓர் அவசர நிதி வைத்து, அதற்கு வட்டியே கிடையாது என்று வைத்தோம்.

இனி நீ கேட்காத ஒன்று. வெளிக்கடன் வாங்கித் தருகிறேன் என்று சீக்கிரமே யாராவது வருவார்கள். இப்போதைய குழுவுக்கு முன்னால் நான் இருந்த குழு அதில்தான் உடைந்தது. நாலு மாதம்கூடச் சேமிக்கவில்லை, அதற்குள் பெரிய தொகை. ஒருத்தி பெயரில் இன்னொருத்தி வாங்கினாள், அவள் மூன்றாமவளுக்குக் கொடுத்தாள். தவணை நின்றது. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்பது ஒப்பந்தம். ஆகவே எல்லோருமாகப் போய் அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்தோம். நானும் உட்கார்ந்தேன். அவள் பிள்ளை பள்ளிவிட்டு வந்து, எங்களைத் தாண்டி உள்ளே போக வழியில்லாமல் பையோடு நின்றது. இதை உன்னிடம்கூட இதுவரை சொன்னதில்லை.

ஆந்திராவில் இதே பெரிதாக வெடித்துத்தான், தற்கொலைகள் வரை போய், 2010 அக்டோபரில் அரசு சிறுகடன் நிறுவனங்களுக்குக் கடிவாளம் போட்டு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. வெளிப்பணமே விஷம் என்று நான் சொல்லவில்லை. 1992-ல் விவசாய, கிராம வளர்ச்சிக்கான நபார்டு வங்கி 500 குழுக்களோடு சோதனையாக வங்கி இணைப்பை, அதாவது குழுக்களுக்கு வங்கிக் கடன் கிடைக்கும் ஏற்பாட்டை, தொடங்கியபோது, குழு முதலில் தன் பணத்தைச் சேமித்து, தனக்குள் கொடுத்து வாங்கிப் பழகியிருக்க வேண்டும் என்றார்கள். கடன் அந்தச் சேமிப்பைப் பொறுத்து, அதில் இத்தனை மடங்கு என்றுதான் வைத்தார்கள். அந்த வரிசையைத் தலைகீழாக்கினால், சொந்தப் பணத்துக்குத் தூக்கம் வராமல் இருப்பவர்கள் அடுத்தவன் பணத்துக்கு அலட்சியமாகிவிடுகிறார்கள். நாங்கள் ஆனோம்.

மற்றபடி தாமதத்துக்கு அபராதம், கூட்ட நாள், கூட்டத்தில் போடும் சேமிப்புப் பங்கு ஒன்றுக்கு எவ்வளவு என்பதெல்லாம் நீங்களே பேசி வைத்துக்கொள்ளலாம். ஒருத்தருக்கு ஒரு கூட்டத்தில் ஐந்து பங்குக்கு மேல் கூடாது என்று மட்டும் வை, இல்லாவிட்டால் வசதிக்காரி குழுவையே விலைக்கு வாங்கிவிடுவாள். வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாக் கடனையும் வசூலித்து, பெட்டியைக் காலி செய்து பிரித்துக் கொடுத்துவிட்டுத் திரும்ப முதலிலிருந்து ஆரம்பியுங்கள். விலக நினைக்கிறவள் சண்டை போடாமல் விலக அதுதான் வழி.

எனக்கு இன்னும் இரண்டு வாரம் குனியக் கூடாதாம். அதற்குள் உன் முதல் கூட்டம் நடந்துவிடும். பெட்டியைப் பூட்டும்போது எவ்வளவு இருந்தது என்று எழுது. நோட்டைப் பார்க்காமல் எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி